ஜென்டூவில் லைசென்ஸ் மாஸ்க்: நட்சத்திரக் குறி போட்டுத் தாண்டிவிடலாமா?

கேள்வி இதுதான். புதிதாக ஜென்டூ லினக்ஸ் நிறுவிய ஒருவர் கூகுள் குரோமையும் வைஃபைக்கான ஃபர்ம்வேரையும் (வன்பொருளை இயக்கும் உள்நிரல்) போடப் பார்க்கிறார். இரண்டும் மாஸ்க் ஆகியிருப்பதாக, அதாவது தடுக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, நிறுவும் கட்டளையான எமர்ஜ் நின்றுவிடுகிறது. இணையத்தில் தேடினால், அக்செப்ட்_லைசென்ஸ்="*" என்று நட்சத்திரக் குறி போட்டு எல்லா உரிமங்களையும் ஒரே வரியில் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் யோசனைதான் முதலில் வந்து நிற்கிறது. அந்த வரியைப் போட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா, அதே லேப்டாப்பில் அலுவலக வேலையும் பார்த்தால் சிக்கல் வருமா என்று கேட்கிறார்.

எதுவும் கெட்டுப்போகாது. சிஸ்டம் நன்றாகவே ஓடும். இருந்தாலும் அந்த வரியைப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். கட்டற்ற மென்பொருள் கொள்கைக்காகச் சொல்லவில்லை. எந்த உரிமத்தை எந்த பேக்கேஜுக்காக ஏற்றீர்கள் என்ற கணக்கை வைத்துக்கொள்ள, ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜ் வழி செய்து கொடுத்திருக்கிறது. நட்சத்திரக் குறி போட்ட அன்றே அந்தக் கணக்கு போய்விடும். உங்கள் நிலைமைக்குத் தேவைப்படுவது மிஞ்சிப்போனால் மூன்று நான்கு வரிகள். அதற்குச் சோம்பல்பட்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பானேன்?

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எமர்ஜ் காட்டும் அந்தத் திரையை நிதானமாகப் படியுங்கள். சிவப்பு எழுத்தைக் கண்டதும் ஏதோ பிழை என்று நினைத்து உடனே தேடப் போய்விடுகிறார்கள். பதில் அங்கேயே இருக்கிறது. முதல் வரி, நீங்கள் கேட்டதைத் தரக்கூடிய இ-பில்டுகள் (பேக்கேஜை எப்படி நிறுவுவது என்று சொல்லும் கோப்புகள்) எல்லாமே மாஸ்க் ஆகியிருக்கின்றன என்கிறது. அடுத்து பேக்கேஜின் பெயரும் பதிப்பு எண்ணும். அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், எதனால் மாஸ்க் ஆனது என்ற காரணம்: கூகுள்-குரோம் லைசென்ஸ். அதற்குக் கீழே, அந்த உரிமத்தின் நகல் உங்கள் வட்டில் எங்கே இருக்கிறது என்ற முழுப் பாதை.

அந்த அடைப்புக்குறியைக் கட்டாயம் பாருங்கள். ஜென்டூவில் மாஸ்க் என்பது ஒரே வகை இல்லை. சோதனைநிலைப் பதிப்பு என்பதால் கீவேர்ட் மாஸ்க் இருக்கலாம். டெவலப்பர்களே ஏதோ கோளாறு கண்டு பேக்கேஜ்.மாஸ்க்கில் போட்டிருக்கலாம், உரிமம் காரணமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் திறக்கும் கோப்பு வேறு. உரிம மாஸ்க்குக்கு பேக்கேஜ்.அன்மாஸ்க்கில் வரி எழுதிவிட்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று குழம்புபவர்கள் நிறையப் பேர்.

உள்ளே நடப்பது எளிமையானது. ஒவ்வொரு இ-பில்டிலும் லைசென்ஸ் என்றொரு வரி இருக்கிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஜென்டூ ரெப்போவின் லைசென்சஸ் அடைவில் அதே பெயரில் ஒரு கோப்பு உண்டு. அதில் உரிமத்தின் முழு வாசகம் இருக்கும். வார், டிபி, ரெப்போஸ், ஜென்டூ என்று உள்ளே போனால் அந்த அடைவைப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், உங்கள் கணினியில் அக்செப்ட்_லைசென்ஸ் என்றொரு மாறி இருக்கிறது. போர்ட்டேஜ் இரண்டையும் ஒப்பிடுகிறது. இ-பில்ட் கேட்கும் பெயர் உங்கள் பட்டியலில் இருந்தால் வழிவிடும், இல்லாவிட்டால் மாஸ்க். அவ்வளவுதான். நீங்கள் ஒரு வரி எழுதியதால் கூகுளுக்குத் தகவல் போகாது, எங்கேயும் உங்கள் கையெழுத்து பதிவாகாது. இது ஒரு வடிகட்டி.

வடிகட்டி என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதே மாறியில் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தையும் 'ஏற்க' வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு நிரலை வைத்திருக்கவோ இயக்கவோ ஜிபிஎல்லை ஏற்க வேண்டிய அவசியமே இல்லை. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 9-ஆவது பிரிவு அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. நீங்கள் மாற்றினால் அல்லது மற்றவருக்கு விநியோகித்தால்தான் அதன் நிபந்தனைகள் வந்து பிடிக்கும். குரோம் மாதிரியான பயனர் ஒப்பந்தங்கள் அப்படி இல்லை. பயன்படுத்தினாலே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். போர்ட்டேஜுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு எல்லாமே பெயர்கள்தான். வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள்.

முன்பு இது வேறு மாதிரி இருந்தது. சில பேக்கேஜ்கள் நிறுவலின் நடுவே நின்று, உரிமத்தைப் பக்கம் பக்கமாகத் திரையில் ஓட்டி, ஏற்கிறீர்களா, ஆமா இல்லையா என்று கேட்கும். ஜென்டூவில் அப்டேட் என்பது இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வேலை. காலையில் எழுந்து பார்த்தால் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கும். உரிமத்தை வைத்து பேக்கேஜ்களை முன்கூட்டியே வடிகட்டலாம் என்ற வடிவமைப்பு ஜிலெப் 23 என்ற ஜென்டூ முன்மொழிவு ஆவணத்தில் 2004-இல் எழுதப்பட்டது. இன்று நீங்கள் பார்க்கும் மாறியும் குழுக்களும் அதிலிருந்து வந்தவை.

அப்புறம் 2019 மே மாதம் ஒரு பெரிய மாற்றம். அதுவரை இயல்புநிலை 'பயனர் ஒப்பந்தம் தவிர எல்லாம் சரி' என்பதாக இருந்தது. அதை 'கட்டற்றவை மட்டும் சரி' என்று மாற்றினார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய நிறுவல் குறிப்புகளில் ஃபர்ம்வேருக்கு உரிமம் பற்றிய பேச்சே இல்லாததும், நீங்கள் அதே குறிப்பைப் பின்பற்றியும் மாட்டிக்கொண்டதும் இதனால்தான். இப்போதைய இயல்புநிலை வரி இப்படி இருக்கும்:

அக்செப்ட்_லைசென்ஸ்="-* @ஃப்ரீ"

இதில் மூன்று குறிகள்தான் இலக்கணம். நட்சத்திரம் என்றால் எல்லாம். முன்னால் கழித்தல் போட்டால் நீக்கு. அட் குறி போட்டால் தனி உரிமம் இல்லை, குழு. இடமிருந்து வலமாகப் படிக்கப்படும், பின்னால் வருவது முன்னால் வந்ததை வெல்லும். ஆகவே மேலே உள்ள வரி, முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஃப்ரீ குழுவை மட்டும் சேர்க்கிறது. 2019-க்கு முந்தைய வரியான "* -@யூலா" எல்லாவற்றையும் ஏற்று யூலா (பயனர் ஒப்பந்தங்கள்) குழுவை மட்டும் கழிக்கிறது. அதையே இடம் மாற்றி "-@யூலா *" என்று எழுதினால் யூலாவும் உள்ளே வந்துவிடும், ஏனென்றால் நட்சத்திரம் கடைசியில் வருகிறது. எச்சரிக்கை எதுவும் காட்டாது.

இன்னொன்று, இந்த மாறி அடுக்கடுக்காகச் சேரும் வகை. சிஸ்டம் ப்ரொஃபைலில் (ஜென்டூ தரும் இயல்புநிலை அமைப்புகள்) உள்ளதன் மேல் உங்கள் பொது அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃப் வரி சேரும், அதன் மேல் டெர்மினலில் கொடுத்தது சேரும். மேக்.கான்ஃபில் ஒரே ஒரு பெயரை எழுதினால் பழைய பட்டியல் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அழிக்க வேண்டுமென்றால்தான் முதலில் "-*" போட வேண்டும். கடைசியில் என்னதான் நிலைமை என்று பார்க்க 'எமர்ஜ் --இன்ஃபோ' போட்டு அந்த மாறியின் வரியைத் தேடுங்கள்.

குழுக்களில் நீங்கள் அறிய வேண்டியவை மூன்று. ஃப்ரீ குழுவில் கட்டற்ற மென்பொருள் உரிமங்களும் கட்டற்ற ஆவண உரிமங்களும் உண்டு. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனோ ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவோ ஒப்புக்கொண்டவையும், கட்டற்ற மென்பொருள் வரையறைக்குப் பொருந்துபவையும். பைனரி-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்பது அதைவிட அகலம்: மூலநிரல் இல்லாவிட்டாலும் பைனரியை இலவசமாக மறுபகிர்வு செய்யவாவது அனுமதிக்கும் உரிமங்கள். ஃப்ரீ முழுவதும் இதற்குள் அடக்கம். மூன்றாவது யூலா. உங்கள் உரிமைகளைப் பறிக்கப் பார்க்கும் ஒப்பந்தங்கள் என்றே ஜென்டூ அதற்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. ஒரு டிஸ்ட்ரோவின் அமைப்புக் கோப்பில் இவ்வளவு காரமான வரியைப் பார்ப்பது அபூர்வம், எனக்குப் பிடித்த வரியும்கூட.

பைனரியாக வருவதெல்லாம் கட்டற்றதல்ல என்று நினைத்துவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ்-பின் கம்பைல் செய்யப்பட்டே வருகிறது, ஆனால் உரிமம் மொசில்லாவின் கட்டற்ற எம்பிஎல். எந்தக் கேள்வியும் இல்லாமல் இயல்புநிலையிலேயே ஏறிவிடும். நேர்மாறாக, ரார் கோப்புகளைப் பிரிக்கும் அன்ராரைப் பாருங்கள். மூலநிரல் முழுதாகக் கிடைக்கிறது, உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகிறது. ஆனால் அந்த மூலநிரலை வைத்து ரார் சுருக்கும் முறையைத் திரும்ப உருவாக்கக் கூடாது என்று உரிமம் தடுக்கிறது. அதனால் ஃப்ரீ குழுவுக்கு வெளியே.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். ஈடிசி அடைவுக்குள் போர்ட்டேஜ், அதற்குள் பேக்கேஜ்.லைசென்ஸ். இது ஒற்றைக் கோப்பாகவும் இருக்கலாம், ஓர் அடைவாக வைத்து உள்ளே பல கோப்புகளாகவும் பிரிக்கலாம். அடைவாகவே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வசதி. ஒரு வரி என்பது பேக்கேஜின் முழுப் பெயர், இடைவெளி, உரிமத்தின் பெயர்:

டபிள்யூடபிள்யூடபிள்யூ-கிளையன்ட்/கூகுள்-குரோம் கூகுள்-குரோம்
சிஸ்-கெர்னல்/லினக்ஸ்-ஃபர்ம்வேர் லினக்ஸ்-எஃப்டபிள்யூ-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்
சிஸ்-ஃபர்ம்வேர்/இன்டெல்-மைக்ரோகோட் இன்டெல்-யூகோட்

மூன்றாவது வரி இன்டெல் செயலி இருந்தால் மட்டும். ஏஎம்டி செயலிக்கான மைக்ரோகோட் லினக்ஸ்-ஃபர்ம்வேருக்குள்ளேயே வந்துவிடும். உரிமப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. அன்ராருக்கு வரி எழுதினால் பேக்கேஜ் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து, உரிமப் பெயரில் முதல் இரண்டு எழுத்து சிறியது, பின் மூன்றும் பெரியது. சந்தேகம் வந்தால் லைசென்சஸ் அடைவில் கோப்பின் பெயரைப் பார்த்து அப்படியே நகலெடுங்கள்.

லினக்ஸ்-ஃபர்ம்வேரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரிம வரி எவ்வளவு நுணுக்கமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்த ஒரே பேக்கேஜில் பல நிறுவனங்களின் ஃபர்ம்வேர் கோப்புகள் கலந்து கிடக்கின்றன. எது யாருடையது, என்ன நிபந்தனை என்பதை மூலத்திட்டத்திலேயே வென்ஸ் என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜென்டூ அதை யூஸ் ஃபிளாக்குகளாக (பேக்கேஜின் அம்சங்களைப் போட்டு அணைக்கும் சுவிட்சுகள்) பிரித்துவிட்டது. ஜிபிஎல், பிஎஸ்டி, எம்ஐடி போன்றவை எப்போதும் உண்டு. ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற ஃபிளாக் இயல்பிலேயே போட்டிருக்கும்; அது போட்டிருந்தால் லினக்ஸ்-எஃப்டபிள்யூ-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற உரிமமும் தேவை. அன்னோன்-லைசென்ஸ் என்று இன்னொரு ஃபிளாக். அதைப் போட்டால் ஆல்-ரைட்ஸ்-ரிசர்வ்ட் தேவை. இது இயல்பில் அணைந்தே இருக்கும்.

இதனால் என்ன ஆகும்? ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் ஃபிளாக்கை நீக்கிவிட்டால் எந்த வரியும் எழுதாமலே பேக்கேஜ் ஏறிவிடும். ஆனால் கட்டற்ற ஃபர்ம்வேர் மட்டும்தான் கணினிக்கு வரும். இன்டெல் வைஃபை வேலை செய்யாது, ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு முழுத் திறனுக்கு வராது. உங்கள் வன்பொருளுக்கு அது ஒத்துவராது, ஆகவே வரியை எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: யூஸ் ஃபிளாக்கை மாற்றினால் உரிமத் தேவையும் மாறும். நேற்றுவரை நன்றாக இருந்த பேக்கேஜ், ஒரு ஃபிளாக் சேர்த்ததும் திடீரென்று மாஸ்க் ஆனால் குழம்ப வேண்டாம். புதிதாக ஓர் உரிமம் உள்ளே நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜென்டூவின் 2019 அறிவிப்பில் ஃபர்ம்வேருக்கு @பைனரி-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் குழுவையே அந்த பேக்கேஜுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதுவும் சரிதான். ஒரு பேக்கேஜோடு நிற்பதால் குழுவைக் கொடுப்பதில் ஆபத்து குறைவு. நான் தனி உரிமப் பெயரையே எழுதுவேன், அது என் பழக்கம்.

சில உரிம வரிகளில் 'இது அல்லது அது' என்று இருக்கும். பெர்லை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆர்டிஸ்டிக் அல்லது ஜிபிஎல். இரண்டில் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தாலே போர்ட்டேஜ் திருப்தியடைந்துவிடும். இதில் நீங்கள் செய்ய எதுவும் இல்லை.

இப்போது ஆல்-ரைட்ஸ்-ரிசர்வ்ட். நீங்கள் ஜூம், டிஸ்கார்ட் என்று ஏதாவது நிறுவப் போனால் இதைச் சந்திப்பீர்கள். பெயர்தான் உரிமம் மாதிரி இருக்கிறது, உண்மையில் உரிமம் இல்லை என்பதற்கான அடையாளம். அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் ஜென்டூக்காரர்களே விளக்கம் எழுதியிருப்பார்கள்: எல்லா உரிமையும் தமக்கே என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், அல்லது உரிமம் என்று எதுவுமே கொடுக்கவில்லை, ஆகவே சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகள் மட்டும்தான் உங்களுக்கு. முறையாகப் பெற்ற பிரதியை இயக்க, காப்புப்பிரதி எடுக்கப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன என்றும் சொல்லியிருக்கும்.

இந்தப் பெயரை ஒருபோதும் மேக்.கான்ஃபில் பொதுவாகச் சேர்க்காதீர்கள். கூகுள்-குரோம் என்ற பெயரை ஏற்றால் ஒரு குறிப்பிட்ட வாசகத்தை ஏற்கிறீர்கள். ஆல்-ரைட்ஸ்-ரிசர்வ்ட்டை ஏற்றால் அதன் பின்னால் எந்த வாசகமும் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேக்கேஜ்கள் அந்த ஒரே பெயரில் ஒதுங்கியிருக்கின்றன. பேக்கேஜ் வாரியாக மட்டும் எழுதுங்கள்.

நட்சத்திரம் வேண்டாம் என்பதற்கு இன்னும் வலுவான காரணம், உரிமங்கள் மாறும் என்பது. நிறுவனம் வாசகத்தைக் கணிசமாக மாற்றினால் ஜென்டூ அதைப் புதிய பெயரில் புதிய கோப்பாக வைக்கும், இ-பில்டும் புதுப் பெயரைக் கேட்கும். என்விடியா டிரைவரைப் பாருங்கள். முன்பு என்விடியா-ஆர்2 என்றிருந்த உரிமப் பெயர் பின்னால் ஆண்டு ஒட்டிய பெயராக மாறியது. பழைய பெயரை பேக்கேஜ்.லைசென்ஸில் எழுதி வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் நின்றது. எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'நீ ஏற்றது பழைய வாசகம், இது புதியது' என்று ஒரு நிரல் உங்களிடம் சொல்வது வேறு எங்கே நடக்கிறது? இரண்டு கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் டிஃப் போட்டு எது மாறியது என்று சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். நட்சத்திரம் போட்டவருக்கு இந்த மாற்றம் நடந்ததே தெரியாது.

குறுக்குவழி இரண்டு பற்றி. ஒன்று, டெர்மினலில் எமர்ஜுக்கு முன்னால் அக்செப்ட்_லைசென்ஸ்="*" என்று அந்த ஒரு தடவைக்கு மட்டும் கொடுப்பது. வேலை செய்யும், பேக்கேஜ் ஏறிவிடும். அடுத்த முறை முழு சிஸ்டத்தையும் அப்டேட் செய்யும்போது, நிறுவப்பட்ட பின்வரும் பேக்கேஜ்கள் மாஸ்க் ஆகியிருக்கின்றன என்று மூன்று ஆச்சரியக்குறியோடு எமர்ஜ் புலம்பும். பேக்கேஜ் இருக்கும், ஆனால் புதிய பதிப்பு வராது. பிரவுசர் மாதிரி பாதுகாப்பு அப்டேட் முக்கியமான ஒன்றில் இது ஆபத்து.

இரண்டாவது, மாஸ்க்கை நீக்கத் தேவையான மாற்றங்களை எமர்ஜே கண்டு சொல்லும் ஆட்டோஅன்மாஸ்க். உரிமத்துக்கு அதைத் தனியாக இயக்கும் ஆப்ஷன் உண்டு. ரைட் என்பதையும் சேர்த்தால் தேவையான வரியை எமர்ஜே தயார்செய்துவிடும். டிஸ்பேட்ச்-கான்ஃப் ஓட்டினால் அந்த மாற்றத்தைக் காட்டும், நீங்கள் சம்மதித்தால் கோப்பில் சேரும். தட்டச்சுப் பிழை வராது என்பதால் இதைத் தடுக்க மாட்டேன். ஆனால் யூஸ் ஃபிளாக், கீவேர்ட், உரிமம் மூன்றையும் ஒரே மூச்சில் எழுத விட்டுவிட்டு, படிக்காமல் சம்மதம் கொடுத்தால் நட்சத்திரம் போட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வரியெல்லாம் சரியாக எழுதிய பிறகும் சில பேக்கேஜ் ஏறாது. பதிவிறக்க முடியாது, நீங்களே இன்ன தளத்துக்குப் போய் இறக்கி டிஸ்ட்ஃபைல்ஸ் அடைவில் வையுங்கள் என்று சொல்லும். அது உரிம மாஸ்க் இல்லை, ஃபெட்ச் கட்டுப்பாடு. தன் தளத்தில் வந்து பொத்தானை அழுத்தி ஒப்புக்கொண்டவருக்குத்தான் கோப்பைத் தருவேன் என்று நிறுவனம் சொல்லும்போது இப்படி வைப்பார்கள். எத்தனை உரிமத்தை ஏற்றாலும் இது திறக்காது, கோப்பைக் கொண்டுவந்து வைத்தால்தான் திறக்கும்.

அலுவலகக் கேள்விக்கு வருகிறேன். போர்ட்டேஜ் வழிவிட்டது என்றால் நீங்கள் அதைப் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இதற்குச் சரியான உதாரணம். அடிப்படை மென்பொருள் ஜிபிஎல், தாராளமாக எங்கும் பயன்படுத்தலாம். அதன் எக்ஸ்டென்ஷன் பேக் தனி பேக்கேஜ், பியூயெல் என்ற உரிமத்தில் வருகிறது. தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, மதிப்பீடு என்ற எல்லைக்குள்தான் அது இலவசம். நிறுவனத்தில் வழக்கமான வேலைக்கு வேண்டுமென்றால் ஆரக்கிளிடம் வணிக உரிமம் வாங்க வேண்டும். நீங்கள் பேக்கேஜ்.லைசென்ஸில் அந்த உரிமத்தின் பெயரை எழுதினால் போர்ட்டேஜ் நிறுவிவிடும். வீட்டில் இருக்கிறீர்களா, அலுவலக வைஃபையில் இருக்கிறீர்களா என்று அது கேட்காது, கேட்கவும் முடியாது. பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் பேக் தேவையும் இருக்காது. யாரோ எழுதிய குறிப்பில் இருந்தது என்பதற்காகவே போடுகிறார்கள். பலரும் கேட்ட யுஎஸ்பி 2, 3 ஆதரவு விர்ச்சுவல்பாக்ஸ் 7-இலிருந்து அடிப்படை பேக்கேஜுக்கே வந்துவிட்டது.

ஆகவே அலுவலக வேலையும் பார்க்கும் கணினியில் பேக்கேஜ்.லைசென்ஸ் அடைவில் கோப்புகளைப் பயன்பாட்டின்படி பிரியுங்கள்: வன்பொருளுக்கு ஒன்று, சொந்தப் பயன்பாட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹேஷ் குறி போட்டு, யார் கேட்டது, எதற்கு, எந்தத் தேதி என்று ஒரு குறிப்பு. நாளை ஐடி பிரிவிலிருந்து யாராவது வந்து என்னென்ன தனியுரிம மென்பொருள் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அந்த அடைவைக் காட்டினால் போதும். நட்சத்திரம் போட்டு வைத்திருந்தால் ஒவ்வொரு பேக்கேஜாகத் தோண்ட வேண்டும்.

ஏற்கெனவே நட்சத்திரம் போட்டுவிட்டவர்களும் திரும்பி வரலாம். நிறுவிய ஒவ்வொரு பேக்கேஜுக்கும் வார் அடைவின் டிபிக்குள் பிகேஜி என்ற இடத்தில் ஓர் அடைவு இருக்கும், அதற்குள் லைசென்ஸ் என்றே ஒரு சிறு கோப்பு. கிரெப் போட்டால் எந்த பேக்கேஜ் என்ன உரிமத்தில் வந்தது என்று பட்டியல் வந்துவிடும். இன்னும் எளிய வழி: மேக்.கான்ஃபில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு இயல்புநிலை வரியை வையுங்கள், பிறகு ப்ரிட்டெண்ட் ஆப்ஷனோடு முழு அப்டேட்டை ஓட்டுங்கள். எதுவும் நிறுவாமல், எது எதெல்லாம் மாஸ்க் ஆகிறது என்று மட்டும் காட்டும். சாதாரண டெஸ்க்டாப்பில் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும்.

மற்ற டிஸ்ட்ரோக்களில் இருந்து வருபவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரிவது இயல்பு. டெபியனில் நிறுவும் கருவியான ஏப்ட்டுக்கு உரிமம் என்ற கருத்தே கிடையாது. மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ என்று களஞ்சியத்தைப் பிரித்துவிட்டார்கள், 2023-இல் டெபியன் 12 வந்தபோது ஃபர்ம்வேருக்கு மட்டும் தனிப் பிரிவு சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் எழுத்துரு மாதிரி ஒன்றிரண்டு இன்ஸ்டாலர்கள்தான் டெப்கான்ஃப் வழியாக நீலத்திரையில் ஒப்புதல் கேட்கும். ஓப்பன்சூஸியில் ஸிப்பர் நிறுவும் நேரத்தில் கேட்கும், கேட்காமல் ஏற்றுக்கொள்ளவும் ஆப்ஷன் உண்டு. நிக்ஸில் 'அன்ஃப்ரீ' என்று ஒரு கதவு, எந்த பேக்கேஜை விடலாம் என்று ஃபங்ஷன் எழுதியும் வடிகட்டலாம். உரிமத்தின் பெயர் வரை இறங்கி, குழு குழுவாகப் பிரித்து, முன்கூட்டியே சொல்ல விடுவதில் போர்ட்டேஜ் ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ் எழுத்துருக்கள் இதில் மாட்டுமா என்ற சந்தேகம் வந்தால், கவலை வேண்டாம். நோட்டோ, லோஹித் இரண்டும் ஓஎஃப்எல் என்ற கட்டற்ற எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. ஃப்ரீ குழுவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: மேக்.கான்ஃபில் நட்சத்திரம் எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு இயல்புநிலை வரியை வையுங்கள். பேக்கேஜ்.லைசென்ஸ் ஏற்கெனவே ஒற்றைக் கோப்பாக இருந்தால் அதன் பெயரை மாற்றிவிட்டு அதே பெயரில் அடைவை உருவாக்குங்கள், பழைய கோப்பை உள்ளே நகர்த்துங்கள். மேலே சொன்ன வரிகளில் உங்கள் வன்பொருளுக்குப் பொருந்துவதை எழுதுங்கள். குரோமுக்கான வரியை எழுதும் முன் லெஸ் போட்டு அந்த உரிமக் கோப்பை ஒருமுறை ஓட்டமாகவாவது பாருங்கள். பிறகு எமர்ஜ் ஓடும். என்றைக்காவது குரோமை நீக்கினால் அதற்கான வரியையும் நீக்கிவிடுங்கள், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் டிப்க்ளீன் அதைச் செய்யாது.